ஈரம் பார்க்காமல் நெல் எடுப்பார்களா?

"ஃபார்மேட் போட்டுறலாம் தம்பி."

இந்த மூன்று சொற்கள் மேல் எனக்குள்ள கோபத்தை எழுதத்தான் இந்தக் கட்டுரை. சொந்தக் கோபம். அதனால் நடுநிலையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் கோபத்துக்குப் பின்னால் ஒரு நோட்டு இருக்கிறது. 41 நாள் உட்கார்ந்து எழுதிய நோட்டு. அதையும் காட்டுகிறேன், பிறகு நீங்களே சொல்லுங்கள்.

ஊர் திருத்துறைப்பூண்டி. டவுனுக்குள் இல்லை, கொஞ்சம் தள்ளி. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பில் எனக்கும் ஒன்று கிடைத்தது. அதில்தான் வீடியோ வெட்டி ஒட்டக் கற்றுக்கொண்டேன். பிறகு அதுவே தொழிலானது. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, எல்லாம் உண்டு. அரசு கொடுத்த லேப்டாப் மூச்சு வாங்க ஆரம்பித்ததும், 2022-இல் அம்மாவின் சங்கிலியைக் கூட்டுறவு சங்கத்தில் வைத்து 82,000 ரூபாய்க்கு ஒரு கேமிங் லேப்டாப் வாங்கினேன். கேமிங் என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப் அந்த விலைக்கு வேறு பெயரில் கிடைப்பதில்லை. ராத்திரி வேலை முடிந்தபின் விளையாடவும் செய்தேன். அதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்கிற உத்தேசம் இல்லை.

நாலு மாதம் நன்றாக ஓடியது. பிறகு விழ ஆரம்பித்தது. 110 ஃப்ரேமில் ஓடிக்கொண்டிருக்கும் கேம் திடீரென்று 30-க்கு வரும், கொஞ்ச நேரத்தில் மறுபடி ஏறும். வீடியோ எக்ஸ்போர்ட் ஒருநாள் 20 நிமிடம், மறுநாள் அதே நீள வீடியோ 45 நிமிடம். ஒரு நாள் முழுக்க ஒன்றுமே ஆகாது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் சமத்துப் பிள்ளை மாதிரி ஓடும்.

முதல் கடையில் ஃபார்மேட். இரண்டாவது கடையில் "ரேம் பத்தலை தம்பி" என்று 8 ஜி.பி. கூடப் போட்டார்கள். மூன்றாவது வைத்தியம் யூடியூப் பார்த்து நானே செய்தது. "எஃப்.பி.எஸ். டபுள் ஆகும் நண்பா" என்று ஒருவர் சொல்ல, ரெஜிஸ்ட்ரியில் பதினோரு இடத்தில் கை வைத்தேன். நான்காவது கடையில் மறுபடி ஃபார்மேட். அந்தக் கடைசி ஃபார்மேட்டில்தான் டி டிரைவும் போனது.

"ஃபுல்லா கிளீன் பண்ணிட்டேன் தம்பி, இப்ப புதுசு மாதிரி" என்றார்.

டி டிரைவில் 'கஜா' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. 2018 நவம்பர் 16 விடிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறிய அந்தப் புயல் எங்கள் தோப்பில் 43 தென்னையைச் சாய்த்தது. நிவாரணத்துக்குக் காட்ட வேண்டும் என்று அப்பா ஒவ்வொரு மரத்திலும் சுண்ணாம்பால் எண் போட்டு, வேர் மேல் பார்த்துக் கிடந்த தூர் பக்கத்தில் தானே போய் நின்றார். நான் போனில் எடுத்தேன். 43 மரம், 43 படம், எல்லாவற்றிலும் அப்பா. அவர் இப்போது இல்லை.

பேக்கப் எடுக்காதது என் தப்பு. ஒப்புக்கொள்கிறேன், ஆயிரம் முறை திட்டிக்கொண்டாகிவிட்டது. என் கேள்வி வேறு. எந்த நோய்க்காக அந்த மருந்து கொடுக்கப்பட்டது? நாலு வைத்தியத்தில் ஒருவராவது, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஏதாவது ஒரு அளவைப் பார்த்தோமா? வெப்பம் எத்தனை டிகிரி, எத்தனை மணிக்கு விழுகிறது, எப்படி விழுகிறது? ஒருவரும் பார்க்கவில்லை, ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் ஊர்ச் சாமியின் பெயர் பிறவி மருந்தீசர். பிறவி என்கிற நோய்க்கே மருந்து வைத்திருப்பவர். அவர் ஊரில் லேப்டாப்புக்கு மட்டும் ஒரே மருந்து.

*

இனி கொஞ்சம் பொறுமையாகப் பேசலாம்.

விட்டு விட்டு வரும் பழுதுக்கு ஒரு மோசமான குணம் உண்டு. அதற்கு எந்த மருந்து கொடுத்தாலும் பலிக்கும், இரண்டு நாளைக்கு. வாரத்தில் மூன்று நாள் மட்டும் வரும் காய்ச்சலுக்குத் தாயத்துக் கட்டினாலும் நாலு நாள் காய்ச்சல் வராதுதானே? தாயத்து வேலை செய்தது என்று கட்டியவரும் நம்புவார், கட்டிக்கொண்டவரும் நம்புவார். ஃபார்மேட்டும் அப்படித்தான். கடையில் காலை 11 மணிக்கு, ஏ.சி. ஓடும் அறையில், சுத்தமான மேஜை மேல் வைத்துப் போட்டுப் பார்க்கிறார்கள். ஓடுகிறது. "பாத்தீங்களா, சரியாயிடுச்சு." காசு வாங்கியாகிவிட்டது. சாயங்காலம் 7 மணிக்கு, 36 டிகிரி மாடி அறையில், மெதுவாகச் சுற்றும் ஃபேனுக்குக் கீழே அது மறுபடி விழும்போது, பக்கத்தில் கடைக்காரர் இருக்க மாட்டார்.

கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் நிஜமாகவே நம்புகிறார். ஆபத்தே அதில்தான்.

நம் பேச்சும் இதற்கு உதவி செய்கிறது. "லேக் அடிக்குது" என்று ஒரே சொல் வைத்திருக்கிறோம். இன்டர்நெட் தாமதமும் லேக், ஃப்ரேம் விழுவதும் லேக், ஒரு நொடி திக்கித் திக்கி ஓடுவதும் லேக், ஹார்ட் டிஸ்க் நிரம்பி ஃபைல் மெதுவாகத் திறப்பதும் லேக். பிங் 200-ஐத் தொடுகிற பையனுக்கு ரேம் போட்டு என்ன பயன்? சூடேறி வேகம் குறைக்கிற சிப்புக்கு புது விண்டோஸ் போட்டு என்ன பயன்?

ஒரு உதாரணம். 2022 மார்ச்சில் ஏ.எம்.டி. நிறுவனம் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டது. அவர்களுடைய ரைசன் சிப் உள்ள சில கணினிகளில் அவ்வப்போது ஒரு திக்கல் வந்தது. படமும் சத்தமும் ஒரு கணம் நின்று பிறகு ஓடும். காரணம் எஃப்.டி.பி.எம். என்கிற பாதுகாப்புப் பகுதி. அது மதர்போர்டில் இருக்கும் சின்ன ஃபிளாஷ் மெமரியோடு இடையிடையே நீண்ட நேரம் பேசிக்கொண்டிருந்தது. தீர்வாக பயாஸ் அப்டேட் அந்த மே மாதத்திலிருந்து வரும் என்றார்கள். யோசித்துப் பாருங்கள். விண்டோஸை இருபது முறை அழித்துப் போட்டிருந்தாலும் அந்தத் திக்கல் போயிருக்காது, ஏனென்றால் பழுது விண்டோஸுக்கு அடியில் இருந்தது. ஆனால் ஒவ்வொரு ஃபார்மேட்டுக்குப் பிறகும் இரண்டு நாள் "சரியாயிடுச்சு" என்று தோன்றியிருக்கும்.

*

எங்கள் பக்கம் அறுவடை முடிந்ததும் நெல்லைக் கொண்டுபோய்க் கொட்டுகிற இடம் நேரடி நெல் கொள்முதல் நிலையம். நுகர்பொருள் வாணிபக் கழகம் நடத்துவது. எல்லோரும் டி.பி.சி. என்றுதான் சொல்வோம். அங்கே முதலில் நடப்பது என்ன? ஈரப்பதம் பார்ப்பது. 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் எடுக்க மாட்டார்கள். ரோட்டில் கொட்டிக் காயவைத்து, மழை வந்தால் தார்ப்பாய் போட்டு மூடி, ராத்திரி அங்கேயே படுத்துக் காவல் காத்து, மறுபடி கொண்டுபோய்க் காட்டுவோம். மழை பெய்த வருஷமெல்லாம் தளர்வு கொடு என்று கோரிக்கை வைப்போம். மீட்டர் சரியில்லை என்று சண்டை போட்டிருக்கிறோம். ஆனால் எந்த விவசாயியாவது "மீட்டரே வேண்டாம், கையால தொட்டுப் பாத்து சொல்லுங்க" என்று கேட்டதுண்டா?

ஆறு மாத உழைப்பு ஒரு சின்ன மீட்டரின் எண்ணில் நிற்கிற ஊர் இது. அந்த ஊரில், சங்கிலியை அடகு வைத்து வாங்கிய பொருளைத் திறந்து, ஒரு அளவும் பார்க்காமல் அழித்துப் போடுகிறோம். இதற்கு அறியாமை என்று பெயர் வைக்க எனக்கு மனசு வரவில்லை. அளக்கத் தெரிந்தவர்கள்தானே நாம்? அப்படியானால் இது அலட்சியம்.

(சின்ன வேடிக்கை: விண்டோஸுக்குள்ளும் ஒரு டி.பி.சி. இருக்கிறது. வைஃபை, சவுண்ட், கிராபிக்ஸ் டிரைவர்கள் தங்கள் வேலையை வரிசையில் போட்டுக் காத்திருக்கிற இடம் அது. ஒரு டிரைவர் வரிசையை அடைத்துக்கொண்டால் பின்னால் உள்ளதெல்லாம் நிற்கும், சத்தம் கரகரக்கும், ஃப்ரேம் திக்கும். எந்த டிரைவர் அடைக்கிறது என்று லேடென்சிமான் என்கிற இலவச மென்பொருள் காட்டிக்கொடுக்கும். டி.பி.சி. தாமதம் என்று அதில் படித்தபோது, எங்கள் ஊர்க்காரன் எவனோதான் பெயர் வைத்திருக்கிறான் என்று நினைத்தேன்.)

*

என்னை மாற்றியவர் பெரியப்பா. பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். லஸ்கர் என்றால் வாய்க்கால் கரையில் நடந்து, மதகு திறந்து மூடி, எங்கே தண்ணீர் போகிறது, எங்கே போகவில்லை என்று பார்க்கிற வேலை. நான் நாலாவது கடையிலிருந்து வந்து திண்ணையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த அன்று கேட்டார்.

"என்னடா, என்னாச்சு?"

சொன்னேன். அவருக்கு லேப்டாப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் விட்டு விட்டு வருவது பற்றித் தெரியும். கடைமடைக்காரருக்கு அது தெரியாமல் இருக்குமா?

"எப்ப எப்ப நிக்கிதுன்னு எழுதி வச்சிருக்கியா?"

"இல்ல பெரியப்பா."

"அப்புறம் எப்புடிடா கண்டுபுடிப்ப? வாய்க்கால்ல தண்ணி வரலைன்னா கடைசியில நின்னுகிட்டு மண்வெட்டியப் போட்டா வந்துருமா? கீழேருந்து மேல நடக்கணும். ஒவ்வொரு மதகாப் பாக்கணும். ஒரே நேரத்துல ரெண்டு மதகைத் தொடாத. தொட்டா எதால தண்ணி வந்துச்சுன்னு உனக்கே தெரியாது."

நான் யூடியூப் பார்த்துப் பதினோரு மதகை ஒரே நேரத்தில் தொட்டிருந்தேன்.

அன்றைக்கே ஒரு 40 பக்க நோட்டு வாங்கினேன். கட்டம் போட்டேன். தேதி, மணி, அறையின் வெப்பம், என்ன ஓடியது, மெதுவாக விழுந்ததா சட்டென்று விழுந்ததா, சார்ஜர் எந்த பிளக்கில், லைன் வோல்டேஜ் எவ்வளவு. வோல்டேஜ் பார்க்க பிளக்கில் செருகும் சின்ன மீட்டர் ஒன்று. கணினிக்குள் எச்டபிள்யூஇன்ஃபோ என்கிற இலவச மென்பொருள். இரண்டு நொடிக்கு ஒருமுறை வெப்பம், வேகம், வாட், சார்ஜர் நிலை எல்லாவற்றையும் ஃபைலில் எழுதிக்கொண்டே இருக்கும். 41 நாள் எதையும் மாற்றவில்லை. அதுதான் இருப்பதிலேயே கஷ்டம். கை அரிக்கும்.

பத்து நாளிலேயே ஒன்று தெளிந்தது. என் லேப்டாப்புக்கு நோய் ஒன்று இல்லை, இரண்டு.

முதல் நோய் மெதுவாக வருவது. ஆரம்பித்து இருபது நிமிடம் கழித்து, பகல் ராத்திரி வித்தியாசமில்லாமல், மத்தியானம் கொஞ்சம் அதிகமாக. ஃபைலைத் திறந்தால் கதை அப்படியே இருக்கிறது. பிராசசர் 100 டிகிரியைத் தொடுகிறது, உடனே 4 கிகாஹெர்ட்ஸ் வேகம் 2.3-க்கு இறங்குகிறது. சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். வெயிலில் உழுகிற மாடு நின்று மூச்சு வாங்குகிற மாதிரி. மாட்டை அடித்து என்ன ஆகப்போகிறது?

பின்பக்க மூடியைத் திறந்தேன். ஃபேனுக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளி மாதிரி ஒரு படலம். எங்கள் வீட்டைச் சுற்றி வயல். தை, மாசியில் அறுவடை மெஷின் ஓடினால் ஒரு வாரத்துக்குத் தூசியும் சுணையும் காற்றில்தான் இருக்கும். லேப்டாப் அடிப்பக்கத்திலிருந்து காற்றை இழுக்கிறது. நானோ அதைக் கட்டில் மேல் போர்வையில் வைத்து வேலை பார்த்திருக்கிறேன். பிரஷ்ஷால் படலத்தை எடுத்து (புளோயர் அடித்தால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தறிகெட்டுச் சுற்றினால் கெட்டுப்போகும்), காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றி, மேஜையில் வைத்துப் பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தினேன். 100 டிகிரி 88 ஆனது. மெதுவாக விழுவது நின்றது.

இரண்டாவது நோய் சட்டென்று வருவது. ஒரே நொடியில் 110-லிருந்து 30. ஐந்தாறு நொடியில் திரும்ப ஏற்றம். சாயங்காலம் ஆறரைக்கும் ஒன்பதரைக்கும் நடுவில் மட்டும். அந்த நேரங்களில் வெப்பம் 75 டிகிரிதான். ஆக சூடு காரணமில்லை.

எல்லோரும் சொன்னார்கள்: "லோ வோல்டேஜ் தம்பி. நம்ம ஊரு கரண்ட் அப்புடித்தான்." நானும் அப்படித்தான் நம்பினேன். அந்த நேரத்தில் என் மீட்டர் 170, 180 என்றுதான் காட்டியது. ஆனால் சார்ஜரைத் திருப்பி அதில் எழுதியிருப்பதைப் படித்தீர்களா? இன்புட் 100 முதல் 240 வோல்ட். 170 அதற்கு ஒரு பொருட்டே இல்லை. சுற்றுகிற ஃபேன் சோர்ந்து போகும், டியூப்லைட் கண்ணடிக்கும், சார்ஜருக்கு ஒன்றும் ஆகாது.

அப்படியானால் யார்? விண்டோஸில் ஈவென்ட் வியூவர் என்று ஒன்று இருக்கிறது. யாரும் திறந்து பார்க்காத கணக்குப் பேரேடு. அதில் கெர்னல்-பவர் என்ற தலைப்பில் 105 என்று ஒரு பதிவு விழும். மின்சாரம் வரும் வழி மாறியது, அதாவது சார்ஜரிலிருந்து பேட்டரிக்கோ பேட்டரியிலிருந்து சார்ஜருக்கோ போனது என்று அர்த்தம். என் நோட்டில் சட்டென்று விழுந்தது மொத்தம் 63 தடவை. அதில் 61 தடவை அதே நேரத்தில் ஒரு 105.

நான் சார்ஜரைச் செருகியிருந்தது இன்வெர்ட்டர் லைனில். பாதுகாப்பு என்று நினைத்துச் செருகியது. எங்கள் இன்வெர்ட்டர் யு.பி.எஸ். மோடில் இருந்தது. அந்த மோடில் வோல்டேஜ் கிட்டத்தட்ட 180-க்குக் கீழே போனால் அது பேட்டரிக்குத் தாவும், மேலே வந்தால் லைனுக்குத் திரும்பும். சாயங்காலம் ஊர் முழுக்க விளக்கும் மோட்டாரும் ஓடும்போது வோல்டேஜ் சரியாக அந்த எல்லையிலேயே ஊஞ்சலாடியது. ஒவ்வொரு தாவலிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன இடைவெளி. பல்பு அதைக் காட்டாது. ஆனால் முழு வேகத்தில் ஓடும் லேப்டாப் "சார்ஜர் போச்சு" என்று நினைத்துப் பேட்டரிக்கு மாறும். பேட்டரியில் கிராபிக்ஸ் கார்டுக்கு முழு வாட் கிடைக்காது. என்விடியாவின் பேட்டரி பூஸ்ட் வசதி வேறு ஃப்ரேமை 30-இல் கட்டிப்போடும். சார்ஜர் திரும்பி வந்தது என்று புரிந்து பழைய வேகத்துக்கு ஏற ஐந்தாறு நொடி.

சார்ஜரைப் பிடுங்கி, இன்வெர்ட்டரோடு சம்பந்தமில்லாத நேர் லைன் பிளக்கில் செருகினேன். கரண்ட் போனாலும் லேப்டாப்புக்குள்ளேயே ஒரு பேட்டரி இருக்கிறதே, தனியாக இன்வெர்ட்டர் எதற்கு?

செலவு: பூஜ்யம் ரூபாய். அன்றிலிருந்து சட்டென்று விழுவதும் இல்லை.

இரண்டு ஃபார்மேட், ஒரு ரேம், பதினோரு ரெஜிஸ்ட்ரி மாற்றம், 43 படம். எல்லாவற்றையும் கொடுத்தபின், பிளக்கை மாற்றிச் செருகியதில் முடிந்தது. ரேம் போட்டது வீண் என்றும் சொல்ல மாட்டேன். ஒற்றை ரேம் இரட்டையானதில் சராசரி ஃப்ரேம் ஏறத்தான் செய்தது. ஆனால் விழுவது நிற்கவில்லை. நான் கேட்டது விழாமல் இருக்க, அவர்கள் கொடுத்தது ஏறுவதற்கு.

*

கடைக்காரரை மட்டும் திட்டி முடித்துவிட்டால் இந்தக் கட்டுரை பாதிப் பொய்.

மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தால் மறுநாள் எல்லாப் பேப்பரிலும் படம். மதகிலிருந்து வெள்ளையாகச் சீறி வரும். அணையின் மட்டம் 120 அடியில் எவ்வளவு என்று எண்ணும் போடுவார்கள். அந்தத் தண்ணீர் கல்லணை வந்து, வெண்ணாற்றில் பிரிந்து, ஆறு ஆறாக, வாய்க்கால் வாய்க்காலாகக் கிளைத்து, எங்கள் கடைமடைக்கு எப்போது, எவ்வளவு வந்தது என்று யார் படம் போடுகிறார்கள்? தலைமதகின் எண் ஒன்று, கடைமடையின் எண் இன்னொன்று. இது எங்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும்.

லேப்டாப் பெட்டியில் எழுதியிருப்பது தலைமதகின் எண்.

ஆர்.டி.எக்ஸ். 4060 லேப்டாப் கார்டு என்று ஒரே பெயரில் விற்கிறார்கள். அந்தப் பெயருக்குள் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை இருக்கலாம் என்பது என்விடியாவே வெளியிட்ட அளவு. மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். 3050-க்கு 35 முதல் 80. வாட் குறைந்தால் வேகமும் குறையும். முன்பாவது குறைந்த வாட் கார்டுக்கு மேக்ஸ்-க்யூ என்று பெயரில் ஒரு அடையாளம் இருந்தது. 2021-இல் 30 வரிசை வந்தபோது அதைப் போட்டே ஆகவேண்டும் என்பது போனது. விமர்சனம் கிளம்பியபின்தான் வாட் அளவைத் தங்கள் தளத்தில் குறிப்பிடும்படி லேப்டாப் நிறுவனங்களிடம் சொன்னார்கள். கடையில் மாட்டியிருக்கும் அட்டையில் அது இருக்கிறதா என்று அடுத்தமுறை போய்ப் பாருங்கள். ஒரே மூட்டையில் எழுத்து, உள்ளே 35 கிலோவோ 115 கிலோவோ. நெல்லில் இதைச் செய்தால் விடுவோமா?

விமர்சன வீடியோக்களும் அப்படித்தான். ஏ.சி. அறை, நிலையான மின்சாரம், தூசியில்லாத புது இயந்திரம், பத்து நிமிட ஓட்டம். சித்திரை மாதத்து மாடி அறையில், ஒரு அறுவடை பார்த்த ஃபேனோடு, ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டுங்களேன்? அந்த எண்ணை வைத்து நாங்கள் வாங்குகிறோம். அவர்கள் அளந்த இடத்தில் நாங்கள் வசிப்பதில்லை.

அடுத்தது நாம். கடைக்காரர் ஏன் அளப்பதில்லை? அளப்பதற்கு யாரும் காசு கொடுப்பதில்லை. "மூணு நாள் வச்சுப் பாத்தேன் தம்பி, சார்ஜர் லைனை மாத்துங்க, 500 ரூபா" என்று அவர் சொன்னால் கொடுத்திருப்பேனா? "ஒண்ணுமே பண்ணாம 500 ரூபாயா" என்று சண்டை போட்டிருப்பேன். ஃபார்மேட் என்றால் ஏதோ செய்தது மாதிரி இருக்கிறது. ஸ்க்ரீன் நீலமாகிறது, சதவீதம் ஓடுகிறது, புது வால்பேப்பர் வருகிறது. கண்ணுக்குத் தெரிகிற வேலைக்குத்தான் கூலி என்று வைத்திருப்பது நாம். பிறகு அவர் கண்ணுக்குத் தெரிகிற வேலையைத்தானே செய்வார்?

மூன்றாவதாக ஒரு இளக்காரம். "கேம்தானே தம்பி, கொஞ்சம் மெதுவா ஓடினா என்ன?" இதைக் கடைக்காரர் சொன்னார், சொந்தக்காரர் சொன்னார், இலக்கியம் படிக்கிற நண்பர் ஒருவரும் சொன்னார். அவருடைய பழைய புல்லட் விட்டு விட்டு அணைந்தால் மூன்று மெக்கானிக்கைப் பார்ப்பார். அது ரசனை. எங்கள் பொழுதுபோக்கு மட்டும் வைத்தியத்துக்கு லாயக்கில்லாதது. ஒரு பொருளை அற்பம் என்று முடிவு செய்துவிட்டால் அதன் நோயை ஆராய வேண்டியதில்லை, அழித்துவிட்டால் போதும். அழிக்கும்போது அதற்குள் என்ன இருக்கிறது என்றும் கேட்க வேண்டியதில்லை.

"சில நேரம் ஃபார்மேட் போட்டா நிஜமாவே சரியாகுதே?" ஆகும். கிராக் கேமோடு வந்த மைனர் ஒன்று பின்னால் உட்கார்ந்து கிராபிக்ஸ் கார்டைத் தின்றுகொண்டிருந்தால் சரியாகும். டிரைவர் மேல் டிரைவர் போட்டுக் குழம்பியிருந்தால் சரியாகும். ஆனால் அதையும் டாஸ்க் மேனேஜரில் பார்த்துவிட்டுத்தானே முடிவு செய்ய வேண்டும்? ஃபார்மேட் கடைசி மருந்து. அதை முதல் மருந்தாக்கியதுதான் என் புகார்.

ஆகவே எனக்குத் தெரிந்த சட்டம் மூன்றுதான். எதையும் தொடும் முன் ஒரு வாரம் எழுது. ஒரு நேரத்தில் ஒரு மதகை மட்டும் தொடு. தொட்டபின் மூன்று நாள் பொறு. ஒன்றையும் தொடும் முன் ஃபைலையெல்லாம் வேறு இடத்தில் எடுத்து வை. இது நாலாவது ஆயிற்றே என்பீர்கள். ஆமாம், அதற்கு நான் கொடுத்த விலையைத்தான் மேலே படித்தீர்கள்.

*

போன மாதம் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் லேப்டாப்பை மார்பில் அணைத்துக்கொண்டு வந்தான். கல்லூரி இரண்டாம் வருஷம்.

"அண்ணே, லேக் அடிக்குதுண்ணே. ஃபார்மேட் போட்டுத் தருவீங்களா?"

"எப்ப அடிக்குது?"

"அது... எப்பவாச்சும் அடிக்குதுண்ணே."

உள்ளே போய் ஒரு 40 பக்க நோட்டு எடுத்து, கட்டம் போட்டுக் கொடுத்தேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வைத்தியரிடம் போனவனுக்கு வீட்டுப்பாடம் கொடுத்தது மாதிரி. "சரிண்ணே" என்று இழுத்துக்கொண்டே போனான். திரும்ப வர மாட்டான், நேராக ஏதாவது கடைக்குப் போவான் என்றுதான் நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் வந்தான். லேப்டாப்பைக் கொண்டுவரவில்லை. நோட்டு மட்டும் கையில். வாசலில் நின்றே சொன்னான்:

"அண்ணே, எங்கம்மா மாவாட்டும்போது மட்டும்தாண்ணே விழுது!"